ஐம்பத்தேழு பட்டையும் அறிந்த கை

சூரத்தின் வராச்சா பகுதியில் ஒரு வைரப் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது ஒரே சுருதியில் ஓடும் இரைச்சல்தான். வார்ப்பிரும்பில் செய்த சாணைத் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தட்டின் மேல் எண்ணெயில் குழைத்த வைரத் தூள் பூசியிருக்கும். சுற்றிலும் நான்கு பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி. பிடியின் நுனியில் கடுகளவு கல். தட்டில் சில விநாடி அழுத்துகிறார், எடுக்கிறார், லூப் என்ற சிறு உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறார், மறுபடி அழுத்துகிறார். நாள் முழுக்க இதேதான்.

உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில், எண்ணிக்கைக் கணக்கில், பத்துக்கு ஒன்பது இந்தியாவில் தீட்டப்படுகின்றன. அதில் பெரும்பங்கு சூரத்துக்கு. பாவ்நகர், அம்ரேலி போன்ற சௌராஷ்டிர மாவட்டங்களில் மழை பொய்த்த வருடங்களில் ஊரைவிட்டுக் கிளம்பிய விவசாயக் குடும்பங்கள் இந்தத் தொழிலைத் தோளில் தூக்கி வளர்த்தன. இன்று பல லட்சம் பேருக்கு இதுவே சோறு. அவர்களை ஊர் ‘ரத்ன கலாகார்’ என்று மரியாதையோடு அழைக்கிறது.

பட்டம் கலைஞர் என்று இருந்தாலும், பட்டறைக்குள் வேலை துண்டு துண்டாகத்தான் பிரிந்து கிடக்கிறது. கல்லின் அடிப்பாகத்தைத் தீட்டுவது ‘தலியா’ வேலை, மேல்பாகம் ‘மத்தாளா’, நடுவிலுள்ள பெரிய சமதளத்தைத் தீட்டுபவர் ‘டேபிள்’காரர். கல் கைமாறிக் கைமாறிப் போகும். கூலி கல் கணக்கில். தலியாவில் உட்கார்ந்தவர் இருபது வருடம் தலியாவிலேயே இருந்துவிடலாம். அவர் கை வழியாக லட்சக்கணக்கான கற்கள் போயிருக்கும். ஒரே ஒரு கல்லையாவது தொடக்கம் முதல் முடிவு வரை அவர் தீட்டியிருக்க மாட்டார். அது என்ன தரம், எந்த விலைக்குப் போனது, அதன் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது.

வைரத் தொழிலில் உயர்நிலைப் பயிற்சி என்று பேசும்போது இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கணினியும் லேசரும் பிறகு வரட்டும். கல்லை முழுதாகப் பார்க்கத் தெரிந்தவரையும், கல்லின் ஒரு மூலையை மட்டும் பார்த்தவரையும் பிரிப்பது இந்தப் பயிற்சிதான். சம்பளமும் அந்த இடத்தில்தான் பிரிகிறது.

முழுக் கல் என்றால் எவ்வளவு? நகைக்கடையில் நாம் பார்க்கும் வட்ட வைரத்தில் 57 பட்டைகள். மேலே நடுவில் டேபிள் ஒன்று. அதைச் சுற்றி நட்சத்திரப் பட்டைகள் 8. பட்டம் போன்ற வடிவில் 8. அவற்றுக்குக் கீழே 16. ஆக மேல்பாகம் 33. அடிப்பாகத்தில் பெரிய பட்டைகள் 8, சிறியவை 16. அடிமுனையையும் லேசாகத் தீட்டினால் 58. மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் பிரிக்கும் மெல்லிய விளிம்புக்கு கர்டில் என்று பெயர். இத்தனையும் சில மில்லிமீட்டர் அகலத்துக்குள், ஒன்றின் முனை இன்னொன்றின் முனையைச் சரியாகத் தொடும்படி அமைய வேண்டும்.

பட்டைகளின் எண்ணிக்கையைவிடக் கோணம் முக்கியம். 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற இளைஞர், பெல்ஜியத்தின் வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்து லண்டனில் பொறியியல் படித்தவர், வைரத்துக்குள் ஒளி எப்படிப் போய் எப்படித் திரும்புகிறது என்பதைக் கணக்குப் போட்டு ஒரு சிறிய நூல் எழுதினார். அடிப்பாகம் 40.75 டிகிரி, மேல்பாகம் 34.5 டிகிரி, டேபிளின் அகலம் கல்லின் அகலத்தில் 53 விழுக்காடு. வைரத்துக்குள் நுழைந்த ஒளி, உட்பக்கச் சுவரில் சுமார் 24.4 டிகிரியைவிடச் சாய்வாகப் பட்டால் வெளியே தப்ப முடியாது, உள்ளுக்குள்ளேயே திரும்பும். அடிப்பாகத்தில் இரண்டு முறை அப்படித் திரும்பி மேலே வந்து கண்ணில் படும்போதுதான் நாம் ஜொலிப்பு என்கிறோம். அடிப்பாகம் தட்டையாகிவிட்டால் ஒளி பின்புறமாக ஒழுகிவிடும். கர்டிலின் நிழல் டேபிளுக்குள் வளையமாகத் தெரியும். தொழிலில் இதற்கு ‘மீன் கண்’ என்று பெயர். ஆழம் கூடினால் நடுவில் ஆணித்தலை போலக் கறுத்துப் போகும். இரண்டு டிகிரி பிசகினாலே கல்லின் முகம் மாறத் தொடங்கிவிடும்.

தலியாவில் உட்கார்ந்திருப்பவர் தீட்டுவது இந்த அடிப்பாகக் கோணத்தைத்தான். வைரத்தின் உயிர் அவர் கையில் இருக்கிறது. ஏன் அந்தக் கோணம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. அச்சு வைத்து அளந்து, கூடினால் குறை, குறைந்தால் கூட்டு என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. டோல்கோவ்ஸ்கியின் கணக்கை எட்டாம் வகுப்பு படித்த ஒருவருக்கு ஒரு மாலை நேரத்தில், ஒரு கண்ணாடிக் கட்டியும் டார்ச்சும் வைத்துப் புரியவைத்துவிடலாம். புரிந்துகொண்டவர் அளவுகோலுக்குக் காத்திருக்காமல், கல் செத்துக் கிடக்கிறதா எழுந்து நிற்கிறதா என்பதை மேலிருந்து பார்த்தே சொல்வார்.

சாணையில் இன்னொரு பாடம் இருக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்து முடிக்க முடியாது. வைரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிக் கடினம் கிடையாது. அதற்கு நார்ப்போக்கு உண்டு. மரம் இழைப்பவருக்குத் தெரிந்த விஷயம்தான். அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தால் சில திசைகளில் தேயும், சில திசைகளில் எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. இயற்கையில் பல வைரங்கள் எண்முகி வடிவில், இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போலக் கிடைக்கின்றன. அந்த எட்டு முகங்களில் எதையும் நேராகச் சாணையில் வைத்துத் தேய்க்கவே முடியாது. சில டிகிரி சாய்த்துத்தான் வேலை தொடங்க வேண்டும். வைரத்தை வைரத் தூளால் அறுக்க முடிவதன் காரணமும் இதுவே: தூளில் கோடிக்கணக்கான துகள்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. அவற்றில் தம் கடினமான திசையைக் காட்டி நிற்கும் துகள்கள், கல்லின் மெலிந்த திசையை அரிக்கின்றன.

ஆகவே ஒவ்வொரு பட்டைக்கும் கல்லைத் திருப்பித் திருப்பிப் போக்கைத் தேட வேண்டும். சாணைத் தட்டில் அதற்கென்றே ஒரு வளையத்தை ஒதுக்கிவைத்திருப்பார்கள். அங்கே ஒரு தொடு தொட்டுப் பார்த்து, போக்கு கிடைத்ததும் தேய்க்கும் வளையத்துக்கு நகர்ந்து, கடைசியில் மெருகு வளையத்தில் முடிக்க வேண்டும். போக்கு தப்பினால் சத்தம் மாறும்; தட்டில் கீறல் விழும். அழுத்தம் கூடினால் சூடேறி, பட்டையின் மேல் வெண்புகை படர்ந்தது போல ஒரு தடம் விழும். அமிலத்தில் போட்டாலும் அது போகாது, மறுபடி தீட்டியே எடுக்க வேண்டும். எடையும் கொஞ்சம் போகும். நல்ல பயிற்றுநர் மாணவரின் கல்லை வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே சத்தத்தை வைத்துத் திருத்துவார்.

இந்த வேலைக்கு முந்தையது, தொழிலில் எல்லாரும் பயப்படும் வேலை: கச்சாக் கல்லைப் பார்த்து, இதிலிருந்து என்ன எடுக்கலாம் என்று முடிவு செய்வது. பிளானிங் என்கிறார்கள். ஒரு கல்லில் பாதிக்கு மேல் தூளாகப் போவது சாதாரணம். எங்கே அறுப்பது, உள்ளிருக்கும் கரும்புள்ளியை எந்தப் பக்கம் ஒதுக்குவது, ஒரு பெரிய கல்லா இரண்டு சிறிய கல்லா, வட்டமா நீள்வட்டமா என்ற முடிவில்தான் லாபமும் நஷ்டமும்.

பதினேழாம் நூற்றாண்டில் ஜான் பாப்டிஸ்ட் டாவெர்னியே என்ற பிரெஞ்சு வைர வியாபாரி இந்தியாவுக்குப் பலமுறை வந்து, கோல்கொண்டா வட்டாரத்துச் சுரங்கங்களையும் முகலாய தர்பாரையும் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அதில் ஹோர்டென்சியோ போர்ஜியோ என்ற வெனிஸ்காரரின் கதை வருகிறது. ‘கிரேட் மொகல்’ என்று பெயர்பெற்ற மாபெரும் கல்லைத் தீட்டும் பொறுப்பு அவரிடம் போனது. குற்றமுள்ள பகுதிகளை அறுத்தெடுத்து நல்ல கற்களாக்குவதற்குப் பதில், மனிதர் முழுக் கல்லையும் தேய்த்தே தள்ளிவிட்டார். எடை மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சியது. கூலி கொடுக்க வேண்டிய முகலாய மன்னர் அவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார். கையில் அதற்கு மேல் பணம் இல்லாததால் அதோடு விட்டார்கள் என்றும் டாவெர்னியே எழுதுகிறார். அதே பக்கங்களில் இந்தியத் தீட்டுநர்களின் பழக்கத்தையும் குறிக்கிறார்: கல் சுத்தமாக இருந்தால் எடை போகாதபடி லேசாக மட்டும் தீட்டுவார்கள், குற்றம் இருந்தால் அதை மறைக்க நிறையப் பட்டைகள் போடுவார்கள்.

எடையா அழகா என்ற இழுபறி இன்றும் அப்படியே இருக்கிறது. 0.98 கேரட் கல்லுக்கும் 1.00 கேரட் கல்லுக்கும் உள்ள வித்தியாசம் 0.004 கிராம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. விலையோ தாவிவிடும். அதனால் ஒரு கேரட்டைத் தொடுவதற்காகக் கர்டிலைத் தடிமனாக விட்டுவைப்பது, அடிப்பாகத்தைக் கொஞ்சம் ஆழமாக வைப்பது என்று பல சமரசங்கள் நடக்கின்றன. இன்று பிளானிங் அறையில் சாணை இல்லை, திரைதான் இருக்கிறது. இஸ்ரேலின் சரின் போன்ற நிறுவனங்களின் ஸ்கேனர்கள் கல்லின் வடிவத்தையும் உள்ளிருக்கும் குற்றங்களையும் முப்பரிமாண வரைபடமாக்கி, எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு எடை, எந்தத் தரம் என்று பட்டியல் போட்டுவிடும். பட்டியலில் முதலில் நிற்பது அதிக விலை தரும் திட்டம். அதை அப்படியே ஏற்பதா, அறுக்கும்போது இந்த விரிசல் ஓடிவிடுமோ என்று தயங்கி இரண்டாவதைத் தேர்வதா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். சாணையில் உட்கார்ந்த அனுபவம் உள்ளவர் பிளானராக வந்தால் அந்தத் தயக்கம் சரியான இடத்தில் வரும். நேராகக் கணினி வழியாக வந்தவருக்கு அந்தத் தயக்கம் வருவதற்குச் சில நல்ல கற்கள் பலியாக வேண்டியிருக்கும்.

இனி தரம் பார்க்கும் பக்கம். கலர், சுத்தம், கட்டிங், கேரட் என்ற நான்கு அளவுகோல்கள் இன்று உலகப் பொதுவாகிவிட்டன. அமெரிக்காவில் ராபர்ட் ஷிப்லி 1931-இல் தொடங்கிய ஜிஐஏ, அதாவது ஜெமாலஜிகல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெரிக்கா, இவற்றை முறைப்படுத்தியது. ரிச்சர்ட் லிடிகோட்டின் காலத்தில், 1953-இல், இன்றைய தர வரிசை வந்தது. கலருக்கு டி முதல் இசட் வரை. அதற்கு முன்பு ஆளாளுக்கு ஏ, ஏஏ, பி என்று சொந்த வரிசை வைத்திருந்தார்கள். அந்தக் குழப்பம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் புது வரிசையை டி-யில் தொடங்கினார்கள்.

கலர் பார்க்கும் பயிற்சியைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது எவ்வளவு பொறுமை கேட்கிறது என்று புரியும். மேசையில் பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு. கீழே வெள்ளைத் தட்டு. அதில் ஏற்கெனவே தரம் நிர்ணயித்த மாதிரிக் கற்கள் வரிசையாக, டேபிள் கீழே பார்த்தபடி கவிழ்த்து வைத்திருக்கும். நேராக வைத்தால் ஜொலிப்பு கண்ணை ஏமாற்றும். கவிழ்த்து, அடிப்பாகத்தின் வழியாகப் பார்த்தால்தான் கல்லின் உடல் நிறம் தெரியும். சோதனைக் கல்லை ஒரு மாதிரிக் கல்லின் இடப்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு வலப்பக்கம். ஒரே கல் இடம் மாறினால் நிறம் மாறியது போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தைக் கழித்துவிட்டு ஜி-யா எச்-சா என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் கண் களைத்துவிடும். களைத்தது தெரிந்து எழுந்து போவதும் பாடத்தில் சேர்த்தி. பரிசோதனைக்கூடங்களில் ஒரே கல்லை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாகப் பார்ப்பதும், கல் யாருடையது என்று பார்ப்பவருக்குச் சொல்லாமல் இருப்பதும் இதனால்தான்.

சுத்தத்துக்கு 11 படிகள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் எதுவுமே தெரியாவிட்டால் ஃப்ளாலெஸ். பிறகு ஐஎஃப், விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ என்று இறங்கி, வெறும் கண்ணுக்கே தெரியும் ஐ-யில் முடியும். குற்றத்தின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. டேபிளுக்கு நேர் கீழே இருக்கும் சின்னப் புள்ளி, அடிப்பாகப் பட்டைகளில் எதிரொளித்து எட்டுப் புள்ளிகளாகத் தெரியலாம். அதே புள்ளி கர்டில் ஓரத்தில் இருந்தால் நகை செய்யும்போது கல்லைப் பிடிக்கும் பல்லுக்கு அடியில் மறைந்துவிடும். மாணவர் லூப்பில் பார்த்ததை வரைபடமாகப் போட வேண்டும்: உள்ளே இருப்பது சிவப்பு மையில், மேற்பரப்பில் இருப்பது பச்சை மையில். ஒரு கல்லை இப்படி வரைந்து பழகியவருக்கு அந்தக் கல்லை ஆயிரம் கல்லுக்கு நடுவிலும் அடையாளம் தெரியும்.

குற்றங்களுக்குப் பெயர் வைத்துத் தரம் பார்க்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் ரத்தினக் கடைத்தெரு வருகிறது. அங்கே விற்கும் வைரங்களில் காக்கைக்கால் போன்ற குறியும், கறையும், புள்ளியும், கோடும் இல்லை என்று இளங்கோவடிகள் நான்கு குற்றங்களை எண்ணிச் சொல்கிறார். இன்றைய லூப்பின் கீழ் இறகு போன்ற விரிசல் என்றும், மேகம் என்றும், ஊசிமுனைப் புள்ளி என்றும் எழுதுவது அந்த வரிசையில் வருவதுதான்.

தமிழ்நாட்டு வீடுகளில் வைரத்தைப் பற்றிய பேச்சு இன்னொரு பக்கம் போகும். ஏழு கல் தோடு வாங்குகிற குடும்பத்தில் பாட்டி ‘புளூ ஜாகர்தானே?’ என்று கேட்பார். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயர் அது. லேசான நீல ஓட்டமுள்ள கற்களுக்குப் பேர்போனது. அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. இன்றும் கடைகளில் அந்தப் பெயர் புழங்குகிறது. அந்த நீல ஓட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம், புற ஊதா ஒளி பட்டால் கல் நீலமாக ஒளிரும் தன்மை. வெயிலில் புற ஊதாக் கதிர் இருப்பதால் கல் இன்னும் வெள்ளையாகத் தெரியும். மாலையில் வீட்டு விளக்கில் அந்த வெள்ளை கொஞ்சம் இறங்கும். தரச் சான்றிதழில் இதை ஃப்ளோரசன்ஸ் என்று தனி வரியில் எழுதுவார்கள். உலகச் சந்தையில் உயர்ந்த கலர் உள்ள கல்லில் இந்த ஒளிர்வு பலமாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். நம் ஊரில் நீல ஓட்டம் என்று சொல்லி விரும்பி வாங்குகிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் கடையில் இருந்தால் பாட்டியின் கேள்விக்கு இத்தனையும் விளக்கிச் சொல்லிவிட்டு விற்க முடியும். குளோஸ்டு செட்டிங்கில் பின்புறம் மூடிய பழைய தோட்டை வைத்துக்கொண்டு முழுத் தரமும் சொல்ல முடியாது, கல்லைக் கழற்றினால்தான் முடியும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

கட்டிங்கின் தரத்துக்கு முறையான வரிசை வந்தது வெகு பின்னால். 2,000-க்கும் மேற்பட்ட கற்களை மனிதர்களிடம் காட்டி 70,000-க்கும் மேற்பட்ட பார்வைப் பதிவுகளைத் தொகுத்த பிறகு, 2006-இல்தான் வட்ட வைரத்துக்கு எக்ஸலன்ட் முதல் புவர் வரை ஐந்து படிகளை ஜிஐஏ கொண்டுவந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கலரும் சுத்தமும் பூமிக்குள் தீர்மானமானவை. கட்டிங் முழுக்க முழுக்க மனிதக் கையின் மதிப்பெண். சூரத்தில் சாணையில் உட்கார்ந்தவரின் வேலைக்கு உலகம் போடும் மார்க் அது. அந்த மார்க் பட்டியல் ஆங்கிலத்தில் அச்சாகி, அவர் கண்ணில் படாமலேயே கல்லோடு கப்பலேறிவிடுகிறது. இது சரியில்லை. தன் வேலைக்கு என்ன மதிப்பெண் கிடைத்தது என்று தெரியாதவர் எப்படித் தேறுவார்?

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. சூரத்தின் கதார்காம் பகுதியில் இந்தியன் டைமண்ட் இன்ஸ்டிட்யூட் 1978-இல் தொடங்கியது. மத்திய வணிக அமைச்சகத்தின் ஆதரவும், நகை-ரத்தின ஏற்றுமதி ஊக்குவிப்புக் கவுன்சிலின் முயற்சியும் அதன் பின்னால் இருந்தன. கச்சா வைரத்தைப் பிரித்தல், பிளானிங், அறுத்தல், தீட்டுதல், தரம் பார்த்தல், நகை வடிவமைப்பு என்று கல்லின் பயணம் முழுவதையும் ஒரே வளாகத்தில் கற்க முடியும். மும்பையில் ஜிஐஏ, ஐஜிஐ போன்ற அமைப்புகள் தரம் பார்க்கும் படிப்புகளை நடத்துகின்றன. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் எச்ஆர்டி என்ற அமைப்பு 1973-இல் தொடங்கியது.

படிக்க வருபவர்கள் யார் என்று பார்த்தால், தரம் பார்க்கும் வகுப்புகளை நாடுவோரில் வியாபாரிகளின் பிள்ளைகளும் நகைக்கடை வாரிசுகளும் நிறைய. அவர்கள் படிப்பதில் தவறே இல்லை, படிக்கத்தான் வேண்டும். ஆனால் கல் கணக்கில் கூலி வாங்கும் தலியாக்காரருக்கு, மூன்று மாதம் வேலையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போவது நடக்கிற காரியமில்லை. அவருக்குத் தேவை மாலை வகுப்பு, குஜராத்தியில் பாடம், படிக்கும் நாட்களில் அடுப்பெரிய ஒரு உதவித்தொகை. பட்டறை முதலாளிகளுக்கும் இதில் லாபம்தான். தலியா மட்டும் தெரிந்தவரைவிட, முழுக் கல் தெரிந்தவர் முன்னவர் விட்ட பிழையை அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் பிடித்துவிடுவார்.

உடம்பைப் பற்றியும் வகுப்பில் பேச வேண்டும். 1980-களில் பெல்ஜியத்தில் வைரம் தீட்டுவோர் சிலருக்கு நுரையீரல் கெட்டுப்போனதை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். கோபால்ட் கலந்த புதுவகைச் சாணைத் தட்டுகளிலிருந்து பறந்த தூசிதான் காரணம் என்று தெரிந்தது. தூசியை உறிஞ்சும் குழாய், நல்ல வெளிச்சம், கழுத்தும் முதுகும் வளையாத நாற்காலி ஆகியவை சாணை பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் முதல் நாளிலேயே வர வேண்டிய பாடங்கள்.

இப்போது இதையெல்லாம் அழுத்திச் சொல்லக் காரணம் தொழிலின் நிலைமை. ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 1983-இல் உற்பத்தி தொடங்கிச் சின்னச் சின்னப் பழுப்புக் கற்களை மலைபோலக் கொட்டியபோது, அவற்றைக் கட்டுப்படியாகும் கூலியில் தீட்ட சூரத்தால் மட்டுமே முடிந்தது. ஊர் அதில்தான் பெருத்தது. அந்தச் சுரங்கம் 2020-இல் மூடிவிட்டது. 2023 டிசம்பரில், 67 லட்சம் சதுர அடியில் சூரத் டைமண்ட் போர்ஸ் பிரம்மாண்டமாகத் திறக்கப்பட்டது. அதே காலத்தில் ஏற்றுமதி சரிந்துகொண்டிருந்தது. ரஷ்யக் கற்களுக்கு ஜி7 நாடுகளின் தடை 2024-இல் வந்தது; 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டது. வேலை நாட்கள் குறைந்தன, கூலி குறைந்தது, ரத்ன கலாகார்களின் தற்கொலைச் செய்திகள் வந்தன. தொழிலாளர் சங்கம் 2024-இல் அதற்கென்றே உதவி எண் தொடங்க வேண்டி வந்தது. பட்டறை பூட்டும்போது முதலில் வெளியே நிற்பவர் ஒரே வேலை தெரிந்தவர்தான். வேறு பட்டறையில் வேறு இடம் காலியாக இருந்தாலும் அவரால் உட்கார முடியாது.

கூடவே லேப்-குரோன் வைரம். மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த அறைக்குள் அடுக்கடுக்காக வளர்ப்பது சிவிடி முறை. பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வளர்ப்பது எச்பிஎச்டி முறை. கிடைப்பது அசல் வைரமே; அதே கடினம், அதே ஒளிவிலகல். தீட்டும் சாணையும் அதேதான். லூப்பை வைத்து இயற்கையா வளர்த்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இயற்கை வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குள் நைட்ரஜன் அணுக்கள் கூட்டமாக இருக்கும். சிவிடி கற்களில் அநேகமாக நைட்ரஜனே இருக்காது. அந்த வேறுபாட்டையும், புற ஊதா ஒளியில் தெரியும் வளர்ச்சிக் கோடுகளையும் கருவி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். சின்னக் கற்கள் அடங்கிய ஒரு பொட்டணத்தில் நாலு வளர்த்த கற்களைக் கலந்துவிட்டால் பழைய கண் பயிற்சி மட்டும் போதாது. லேப்-குரோன் கற்களுக்கு இயற்கைக் கல்லின் டி-இ-எஃப் வரிசையையே தருவதை நிறுத்தப்போவதாக ஜிஐஏ 2025-இல் அறிவித்ததும் தரம் பார்ப்பவர்களின் பாடப்புத்தகத்தை மாற்றுகிறது. சென்னைக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு: 2023-இல் மத்திய அரசு லேப்-குரோன் ஆராய்ச்சிக்கென ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 243 கோடி ரூபாயை ஐஐடி மெட்ராஸுக்கு ஒதுக்கியது.

திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டியவர்களின் தலைமுறைகள் இருக்கின்றன. அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் வாங்கும் சிர்கோனியா கல்லைத் தீட்டிய வீடுகள். வைரத்தில் போக்குத் தேடும் வித்தையும் சாணையும் வேறு. ஆனால் பட்டைக்குப் பட்டை முனை சேர்க்கும் கண்ணும் கோணம் பிடிக்கும் விரலும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஐஐடி-யில் கல் வளர்க்கும் ஆராய்ச்சிக்குச் செலவிடும்போது, அதைத் தீட்டவும் தரம் பார்க்கவும் தெரிந்தவர்களை இந்த வட்டாரத்திலேயே உருவாக்க ஒரு பயிற்சி நிலையம் கேட்பது நியாயமான கோரிக்கை.

பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கட்டணத்தையும் வளாகத்தையும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். விசாரிக்க வேண்டியவை வேறு. தரம் பார்க்கும் படிப்பில் ஒரு மாணவர் கைக்கு எத்தனை விதமான அசல் கற்கள் வரும்? கலருக்கு மாதிரிக் கல்லாக அசல் வைரம் வைத்திருக்கிறார்களா, சிர்கோனியா வைத்து ஒப்பேற்றுகிறார்களா? லேப்-குரோன் கண்டறியும் கருவியை மாணவர் தொட முடியுமா, தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரியா? தீட்டும் படிப்பு என்றால் இன்னொரு கேள்வி: படிப்பு முடிவதற்குள் மாணவர் தானே பிளான் போட்டு, சாணையில் போக்குத் தேடி, 57 பட்டையும் போட்டு, கடைசியில் தன் கல்லுக்குத் தானே தரமும் எழுத வேண்டிய ஒரு கல்லாவது உண்டா? உண்டு என்றால், போன வருடத்து மாணவர் தீட்டிய கல் ஒன்றை வாங்கி லூப்பில் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.